ஒச்சப்பன் கைப் போணி

புருஷன் காரியம் முடிந்து ஆயம்மாள் மறுபடி பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு போடி பஸ் ஸ்டாண்டு வாசலில் வந்து உட்கார்ந்த அன்று, உச்சிப்பொழுது வரைக்கும் ஒரு முழம் பூ விற்கவில்லை. வழக்கமாக வாங்குகிற பொம்பளைகள் எல்லாம் வந்தார்கள். "வந்துட்டியா ஆயி" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பக்கத்துக் கூடையில் வாங்கிக்கொண்டு போனார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நெற்றியில் பொட்டில்லாதவள் கையால் முதல் பூவை வாங்கித் தலையில் வைக்க ஒரு பயம். புருஷன் இருந்த காலத்தில் அவளும் அப்படி ஒதுங்கித்தான் போயிருப்பாள்.

வெயில் ஏறி மல்லிகை முகம் சுருங்குகிற நேரத்தில் ஒச்சப்பன் வந்து நின்றார். ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவர். தோளில் இரும்புக் கொக்கி, தலையில் சுருட்டிய துண்டு.

"ரெண்டு மொழம் குடு தாயி."

அவருக்குப் பெண்டாட்டி கிடையாது, கூடப்பிறந்தவள் கிடையாது. பூ யாருக்கு என்று கேட்க ஆயம்மாளுக்கு வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அவர் வேட்டி மடிப்பில் பொதிந்துகொண்டு போய்விட்டார். சாயங்காலம் கூடையைக் கழுவப் போனபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடிப் பிள்ளையார் கழுத்தில் அந்தப் பூ கிடந்தது. வாழைநாரில் தான் போடுகிற முடிச்சு அவளுக்குத் தெரியாதா. அங்கேயே கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாரும் பார்க்காமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் அவர்தான் முதல் ஆளாக வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். ஒச்சப்பன் வாங்கிவிட்டார் என்று கண்ட பிறகு மற்றவர்களுக்கும் பயம் தெளிந்தது. முதல் போணி ஆகிவிட்டால் அப்புறம் அது எல்லாருக்கும் பொதுவான பூதானே.

ஒச்சப்பனுக்குச் சொந்த ஊர் தேவாரத்துக்குப் பக்கம். மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. வருஷம் தவறாமல் யானை வந்து வாழையைச் சாய்த்துப் போட்டதில் வெறுத்துப்போய்ப் போடிக்கு வந்து மூட்டை தூக்க ஆரம்பித்தவர். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று யாராவது கேட்டால், "பொண்ணு குடுக்குறவுக வந்த அன்னிக்கு நான் லோடு ஏத்தப் போயிருந்தேன். அவுக திரும்ப வரல" என்பார். சிரிக்க மாட்டார். கேட்டவர்கள்தான் சிரிப்பார்கள்.

போணிக்கு அவர் கை ராசியான கை என்று ஊரில் பேச்சு கிளம்பியது அந்தப் பூவுக்குப் பிறகுதான். டீக்கடை ஜக்கையன் அடுப்பைப் பற்ற வைத்ததும், "ஒச்சப்பண்ணே, வந்து ஒரு டீயக் குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிடுவார். புதுசாக வண்டிக்கடை போட்டவன் அவரைத் தேடி ஸ்டோருக்கே வருவான். ஆயம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்கே அந்த நம்பிக்கை இருக்கா?"

"நல்லா கேட்ட போ. சாக்குப் பிடிச்சுப் பிடிச்சுக் காய்ச்சுப்போன கை. இதுல ராசி எங்கிட்டு இருக்கு?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "யாரும் போகாத கடையாப் பாத்து நான் மொதல்ல போறேன். ஒரு ஆளு நிக்கிற எடத்துக்கு நாலு ஆளு வருது. அம்புட்டுத்தான்."

ஆனால் அதை வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொன்னாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆயம்மாளுக்கு ஒரே பிள்ளை, பொற்கொடி. அப்பன் போனதிலிருந்து அந்தப் பிள்ளை வெளி ஆட்களிடம் வாய் திறப்பதில்லை. அவள் அப்பன் மொக்கச்சாமி மலைமேல் எஸ்டேட்டில் மரம் கழிக்கும்போது கிளை விழுந்து செத்துப்போனான். அவனைக் கீழே கொண்டுவந்த ஜீப்பை ஓட்டியவன் அவன் தம்பி வீரணன். தினமும் விடியும் முன்னே பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களில் இறக்குவதுதான் அவன் சோலி. கெட்டவன் இல்லை. அண்ணன் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைக்கிறவன். அவன் நினைப்புக்கு எட்டியது அந்த ஜீப்பு ஒன்றுதான்.

"லீவுல புள்ள சும்மாதான மதினி கெடக்குறா. ஏத்தி விடுங்க. நெழலு வேலைதான், நான் பாத்துக்கிறேன்" என்பான்.

"பாக்கலாம் தம்பி" என்பாள் ஆயம்மாள். பரமசிவன் மலை இருக்கிற பக்கம் திரும்பி, இந்தப் பிள்ளையை மட்டும் அந்த ஜீப்பில் ஏற்றிவிடாதே சாமி என்று கும்பிட்டுக்கொள்வாள். லீவுக்கு என்று ஏறின பிள்ளைகள் எத்தனை பேர் அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு இறங்கி வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அனுப்பிரியா டீச்சர் குட்டிச்சந்தை என்று ஒன்றை ஆரம்பித்தாள். பொற்கொடி படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வெளியூரிலிருந்து புதுசாக வந்த சின்ன வயசு டீச்சர். பிள்ளைகள் தாங்களே ஒரு சரக்கைச் செய்து, தாங்களே விலை வைத்து, வருகிற ஆளிடம் முகம் பார்த்துப் பேசி விற்க வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் நிற்கலாம், குறுக்கே பேசக் கூடாது. "கூலிக்குப் போறது ஒண்ணுதான் வழின்னு இந்தப் பிள்ளைங்க நெனைச்சிரக் கூடாதும்மா. ஒரு பொருளைக் கையில வச்சுக்கிட்டு நாலு பேர் முன்னாடி நிக்கக் கத்துக்கிட்டா, அது எங்க போனாலும் உதவும்" என்று வீடு வீடாக வந்து சொன்னாள்.

பொற்கொடி எதை விற்பது? ஒச்சப்பன்தான் யோசனை சொன்னார். ஸ்டோரில் முதலாளியிடம் கேட்டு, வாய் வெடித்துத் தள்ளுபடியான ஏலக்காயை ஒரு பொட்டலம் வாங்கிக் கொண்டுவந்தார். பிள்ளை அதை ஊசியில் கோத்து, உள்ளங்கை அகலத்துக்குக் குட்டி மாலையாகக் கட்டினாள். சாமி படத்துக்குப் போடலாம், ஜீப்புக் கண்ணாடியில் தொங்கவிடலாம். பூக்கட்டுகிறவள் மகள், கை தானாக ஓடியது.

முதல் சந்தை பள்ளிக்கூட மைதானத்தில். பெற்றவர்கள் வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்களே தவிர, யார் முதலில் வாங்குவது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் முகமெல்லாம் வாடத் தொடங்கியது. ஒச்சப்பன் கொக்கியைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

"என்னப்பா கடைக்காரரே, மாங்கா மிச்சம் இருக்கா, இல்ல எல்லாம் ஒன் வயித்துக்குள்ள போயிருச்சா?" என்று மாங்காய்ப் பத்தை விற்ற கார்முகிலிடம் கேட்டார்.

"கொஞ்சந்தான் தின்னேன் மாமா. நல்லாருக்கான்னு பாக்கணும்ல" என்றான் கார்முகில்.

"நல்லாருந்துச்சா?"

"அதான் கொஞ்சந்தான் மிச்சம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் அப்படியே ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வரிசையாக வந்தார். அவர் நகர்ந்த இடத்தில் ஆள் கூடியது. கடைசியில் பொற்கொடி முன்னால் குத்தவைத்து, "மாலை என்ன வெலை முதலாளியம்மா?" என்றார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. பஸ்சுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து அவள் வாயிலிருந்து விலை வந்தது. அப்புறம் ஒரு அம்மா கேட்டபோதும் வந்தது. சந்தை முடிகிற நேரத்தில், "மாலை, மாலை" என்று மெல்லக் கூப்பிடுகிற மகளின் குரலைக் கேட்டு ஆயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது சந்தை மே மாசத்தில் பெரிசாக நடத்துவது என்று ஆயிற்று. ஏலக்காய் வியாபாரி மலைச்சாமி தன் கூட்டாளிகளையும் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகள் திறமாகச் செய்தால், ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் குடோனின் முன் கொட்டகையைக் குட்டிச்சந்தைக்கே விட்டுக்கொடுப்பதாகவும் சொல்லியிருந்தார். ஆயம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குள்ளே பிள்ளைக்கு உட்கார ஒரு இடம் கிடைத்துவிட்டால், மலைக்கு ஏற்றச் சொல்கிறவனுக்கு ஒரு பதில் இருக்கும். வீரணனிடமும் அப்படியே சொல்லிவிட்டாள்.

"இந்தச் சந்தை முடியட்டும் தம்பி. அது சரியா வரலன்னா அப்புறம் ஒம் பேச்சக் கேக்குறேன்."

"சரி மதினி. வாக்கு மாறக் கூடாது" என்றான்.

தெருவில் எல்லா அம்மாக்களும் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரே புத்தியைத்தான் சொன்னார்கள்: ஒச்சப்பன் மாமா வந்து போணி பண்ணின பிறகுதான் யாருக்கும் விற்க வேண்டும், போன தடவை அவர் கை பட்டதால்தான் அவ்வளவும் விற்றது. ஆயம்மாளும் பொற்கொடிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே அதைச் சொன்னாள். ஒச்சப்பனும் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "மாமா விடிஞ்சதும் வந்து நிப்பேன். நீங்க வெரசா கடைய விரிங்க."

சந்தைக்கு முந்தின நாள் அவரை லோடு ஏற்ற மேலே அனுப்பிவிட்டார்கள். பூப்பாறைப் பக்கத்து ஸ்டோரில் மூட்டை தேங்கிக் கிடக்கிறது, விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றார்கள். அவரும் இறங்கிவிடலாம் என்றுதான் போனார். இருட்டோடு மழை பிடித்தது. போடிமெட்டுக்குக் கீழே பாறை சரிந்து ரோட்டை அடைத்துக்கொண்டது. மேலே இருந்த வண்டி மேலேயும் கீழே இருந்த வண்டி கீழேயும் நின்றுவிட்டன. மலை வளைவுகளில் போனில் டவர் எடுக்காது. அவர் வரவில்லை என்பது தவிரக் கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

கீழே மழையே இல்லை. பளிச்சென்று வெயில். பிள்ளைகள் சாக்கை விரித்து, தட்டுகளை வைத்து, அதன்மேல் துணியைப் போட்டு மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஜனம் வந்தது. போன தடவையைவிட நல்ல கூட்டம்.

"கொய்யா எப்படிம்மா?"

"இன்னும் போணி ஆகல. கொஞ்சம் நில்லுங்க."

"நாங்க வாங்குறதுதான் போணி."

"இல்ல, மாமா வரணும்."

வந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி கேட்டார்கள். பிள்ளைகள் துணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் ஓடி ஓடி ஒவ்வொருத்தரிடமும் கெஞ்சினாள். "இப்பக் குடுக்கலாம்டா. வந்தவங்களக் காக்க வைக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தேன்ல?" அவளே காசை எடுத்து நீட்டினாள். "நீங்க டீச்சர், நீங்க வாங்குனா அது போணி இல்ல" என்றான் கார்முகில். அவன் தட்டு இந்த முறை நிறைய இருந்தது. ஒரு பத்தைகூடத் தின்னவில்லை.

ஆயம்மாள் பூக்கூடையோடு மைதானத்து ஓரத்தில் நின்றாள். யாராவது ஒருத்தர் ஒரே ஒரு பத்தையை வாங்கிப் பிள்ளைகளின் பிடியைத் தளர்த்தினால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள். இந்தக் கையால் குழந்தைகளின் கடையைத் திறந்துவைத்து, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ரோட்டையே பார்த்துக்கொண்டு, முருகா, அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டு நின்றாள்.

மலைச்சாமி பத்து மணிக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நாலைந்து வியாபாரிகள், வீட்டுப் பெண்கள். பிள்ளைகள் துணி மூடி உட்கார்ந்திருப்பதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து ரசித்தபடியே வந்தவர், பொற்கொடி முன்னால் நின்றார். துணி ஓரத்தில் தெரிந்த மாலை ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"நல்லா கோத்திருக்கியே. எல்லா மாலையும் எனக்கே குடு. ஆபீஸ்ல சாமி படம் எல்லாத்துக்கும் போடுறேன்" என்று பணத்தை நீட்டினார்.

பொற்கொடி எழுந்து அவர் கையிலிருந்த மாலையைப் பிடித்து வாங்கிக்கொண்டாள். வெளி ஆளிடம் ஒரு சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை, தலையை நிமிர்த்திக் கணீரென்று பேசினாள்.

"மாமா வந்துதான் போணி பண்ணணும். உங்க கை வேண்டாம்."

அவள் மனசில் ஒன்றும் கிடையாது. அம்மா சொன்னதைச் சொன்னாள். ஆனால் தொழில் செய்கிற மனுஷனைப் பார்த்து, நாலு பேர் நடுவில், உன் கை வேண்டாம் என்றால் அதற்கு அர்த்தம் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலைச்சாமி முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இத்தன வருசமா ஏலத்துல நிக்கிறேன். எங் கை வெளங்காத கைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் கூட வந்தவர்களிடம்.

டீச்சர் ஓடிவந்து, "சார், பிள்ளைக்குத் தெரியல சார்" என்றாள்.

"நான் என்னம்மா புள்ளகிட்டக் கோவிக்கப் போறேன். நீங்க ஒங்க ராசிக்காரர வச்சு நடத்துங்க" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பு ஓசை கேட்க நடந்துபோனார். கோபமாகக்கூட இல்லை. அவர் பின்னால் கூட வந்தவர்களும், அவர்களைப் பார்த்து மற்றவர்களும் கலைந்தார்கள்.

ஒச்சப்பன் வந்தபோது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் வண்டியையும் லோடையும் விட்டுவிட்டு, வளைவுகளைக் குறுக்கே வெட்டிக் காட்டுத்தடத்தில் இறங்கி, அடிவாரத்து முந்தலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்தார். முழங்கால் வரை சேறு, சட்டையில் கிழிசல். பிள்ளைகள் அவரைக் கண்டதும், "மாமா வந்தாச்சு" என்று கத்திக்கொண்டு, அவ்வளவு நேரம் மூடியிருந்த துணிகளை ஒரே நேரத்தில் விலக்கினார்கள்.

மைதானத்தில் வாங்க ஒரு ஆள் இல்லை. மாங்காய்ப் பத்தை காய்ந்து சுருண்டு கிடந்தது. கொய்யாவில் எறும்பு ஏறியிருந்தது. அவர் நாலா பக்கமும் பார்த்தார். நடந்தது என்ன என்று யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார் போல. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, வரிசையின் முதல் பிள்ளையிடம் போய்க் குத்தவைத்தார்.

"என்ன வெலை முதலாளி?"

ஒருத்தரையும் விடாமல் வாங்கினார். காய்ந்த பத்தையை வாயில் போட்டு, "நல்லாருக்கு" என்றார். கடைசியில் பொற்கொடியிடம் ஒரு மாலை வாங்கினார். அவள் கேட்டாள்:

"போணி ஆயிருச்சுல்ல மாமா. இனி ஆளு வருவாங்கல்ல?"

அவர் மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. கொட்டகையில் மூட்டை அடுக்கிவிட்டார்கள். லோடை நடுரோட்டில் போட்டுவிட்டு வந்தார் என்று ஒச்சப்பனை ஸ்டோரில் நிறுத்திவிட்டார்கள். மறுபடி ஒரு சந்தை வைக்கலாம் என்று டீச்சர் வீடு வீடாக அலைந்தாள். ஒரு வீட்டிலும் சரி என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவளுக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏறும்போது ஆயம்மாளிடம் பூ வாங்கிக்கொண்டு, "நான் என்ன தப்புப் பண்ணேம்மா?" என்று கேட்டாள். "நீங்க ஒண்ணும் பண்ணல தாயி" என்றாள் ஆயம்மாள். வேறு என்ன சொல்ல?

ராசி போய்விட்டது என்று ஊர் பேசியது. ஜக்கையன் காலையில் ஒச்சப்பனைக் கூப்பிடுவதை நிறுத்தினார். ஒச்சப்பன் அதற்கு வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் கடைத்தெருவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டார்.

ராத்திரியே பாறையை ஒதுக்கி ரோட்டைத் திறந்துவிட்டார்கள்; சந்தை முடிந்த மறுநாள் இருட்டோடு வீரணன் ஜீப்பு வாசலில் வந்து நின்றது. "மதினி" என்று மட்டும் கூப்பிட்டான். ஆயம்மாள் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொடுத்தாள். பொற்கொடி ஏறினாள். ஜீப்பு ஸ்டாண்டில் ஒச்சப்பன் நின்றிருந்தார். தான் வாங்கிய ஏலக்காய் மாலையை ஜீப்பின் கண்ணாடியில் கட்டிவிட்டு, "புள்ள ஏறியிருக்கு. பதனமா ஓட்டு மாப்ளே" என்றார். லீவு முடியும் வரைதான் என்றுதான் பேச்சு. அது சனி ஞாயிறு ஆயிற்று. அடுத்த வருஷம் எல்லா நாளும் ஆயிற்று. அந்த மாலை பச்சை வெளுத்து இன்னும் அந்த ஜீப்பில் ஆடிக்கொண்டிருக்கிறது. பொற்கொடி அதன் கீழேதான் உட்கார்ந்து போகிறாள். மறுபடி யாரிடமும் பேசுவதில்லை.

ஒச்சப்பனும் மேலேதான் போனார். ஒரு ஏலத்தோட்டத்தில் காவலுக்கு ஆள் கேட்டார்கள். போகிற அன்று காலையில் பஸ் ஸ்டாண்டு வாசலுக்கு வந்தார். ஆயம்மாள் எப்போதும்போல முதல் இரண்டு முழத்தைத் தனியாக வாழையிலையில் மடித்து வைத்திருந்தாள். ஊரே நிறுத்தினாலும் அவள் நிறுத்தவில்லை. அதை எடுத்து நீட்டினாள். அவர் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை.

"வேற யாராச்சும் மொதல்ல வாங்கட்டும் தாயி."

"அண்ணே, நீங்க இப்படிப் பேசலாமா?"

அவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். மதுரை பஸ்சைப் பிடிக்கப் போகிற ஒரு அம்மா வந்து, இன்னார் கூடை என்று தெரியாமல், ஒரு முழம் வாங்கிப் போனாள். அப்புறம்தான் ஒச்சப்பன் வந்து தன் பூவை வாங்கினார். வேப்பமரத்தடிக்குப் போய் வந்தார். வரும்போது நெற்றியில் திருநீறு இருந்தது.

அடைமழைக் காலத்தில் காய்ச்சலில் கிடந்து அங்கேயே போய்ச் சேர்ந்தார் என்று வீரணன் வந்து சொன்னான். கீழே கொண்டுவர ஆள் இல்லை என்று தோட்டத்து ஓரத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். ஆயம்மாள் அன்றைக்கு இரண்டு முழம் பூவை எடுத்துக்கொண்டு பிள்ளையாரிடம் போனாள். அந்த ஆத்மாவை உன் காலடியில் சேர்த்துக்கொள் என்று சொல்ல நினைத்தாள். பூவை எடுத்துப் பிள்ளையார் கழுத்தில் போட்டாள். கண்ணை மூடினால், அந்தக் கடைசிக் காலையில் ஜீப்பின் பின்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவர் திரும்பிச் சொன்னதுதான் காதில் கேட்டது.

"தாயி, இனி எனக்குன்னு எடுத்து வைக்காத. யாரு மொதல்ல கை நீட்டுறாங்களோ, அவுகளுக்குக் குடுத்துரு. நான் வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்காத."